இருபத்துமூன்று வயதில் கேட்ட பாட்டு

ழான் ஜாக் ரூசோவின் இசை அகராதி 1768இல் வெளிவந்தது. அதில் சுவிஸ் இடையர்களின் பாட்டு ஒன்றைப் பற்றிய குறிப்பு உண்டு. மலைமேய்ச்சலில் சிதறி நிற்கும் மாடுகளைக் கூப்பிடும் பாட்டு அது. பிரெஞ்சு பேசும் பகுதிகளில் 'ரான்ஸ் தே வாஷ்' என்பார்கள். அந்நாளில் சுவிஸ் இளைஞர்கள் பிரான்ஸ் முதலிய நாடுகளின் படைகளில் கூலிக்குச் சேவகம் செய்தார்கள். அவர்கள் நடுவே இந்தப் பாட்டை வாசிப்பவனுக்கு மரண தண்டனை என்ற தடை இருந்ததாக ரூசோ எழுதுகிறார். கேட்டவர்கள் அழுதார்கள், படையை விட்டு ஓடினார்கள், சிலர் ஏங்கியே செத்தார்கள் என்பது காரணம்.

ஜெனீவாவில் பிறந்த ரூசோ அதோடு நிற்கவில்லை. மெட்டை ஆராய்ந்து பார்த்தார். இத்தனையையும் செய்யக்கூடிய எதுவும் அதில் அவருக்குத் தென்படவில்லை. அயலார் அதைக் கேட்டு அசைவதும் இல்லை. ஆகவே வலிமை மெட்டில் இல்லை, கேட்பவனுக்குள் அது எழுப்பும் ஊரிலும் இளமையிலும் பழைய வாழ்முறையிலும் இருக்கிறது என்றார். இங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக வேலை செய்கிறது என்பது அவர் கண்ட முடிவு. பாட்டுக்கும் வாழ்வின் பருவங்களுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்றைய உளவியல் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு குறிப்புக்குள் அடங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

ரூசோவுக்கு முன்பே சுவிஸ் மருத்துவர்கள் இதில் இறங்கியிருந்தார்கள். 1688இல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோகானஸ் ஹோபர் என்ற 19 வயது மாணவர் ஊரேக்கத்தை ஒரு நோயாக விவரித்து ஆய்வேடு எழுதினார். 1710இல் அதே ஊரின் தியோடர் ஸ்விங்கர் அந்த ஆய்வேட்டை மறுபதிப்புச் செய்தபோது மாட்டுப்பாட்டின் மெட்டையும் சேர்த்து அச்சிட்டார். நோயைக் கிளப்பும் காரணங்களில் ஒன்றாக ஒரு மெட்டு மருத்துவ நூலுக்குள் நுழைந்தது அப்படித்தான். சூரிச்சின் ஷொய்க்சர் என்ற அறிஞருக்கு வேறு விளக்கம்: மலையின் மெல்லிய காற்றுக்குப் பழகிய உடல் தாழ்நிலத்தின் கனத்த காற்றில் நசுங்குகிறது, அதனால்தான் இந்த வாட்டம் என்றார். அது நிலைக்கவில்லை. மெட்டு நிலைத்தது. வெவே நகரத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களின் விழா ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வருகிறது. கடைசி நான்கும் 1955, 1977, 1999, 2019 ஆகிய ஆண்டுகளில் நடந்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டு பாடப்பட்டது. 1977இல் பெர்னார் ரோமனன்ஸ் பாடியதை அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எந்த விழாவை எந்த வயதில் பார்த்தோம் என்பதை வைத்தே அங்கே ஒருவர் தம் ஆயுளை அளந்துகொள்ளலாம்.

இத்தனை பழைய கதையை முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊரை விட்டுப் போன இளைஞர்கள் ஒரு பாட்டைக் கேட்டுக் கலங்குவதை உலகுக்கு முதலில் எழுதிக் காட்டிய நாடு சுவிஸ். அதே நாட்டுக்கு 1980களில் தொலைதூரக் கடற்கரை ஒன்றிலிருந்து இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். பைக்குள் கசெற்றுகள் இருந்தன.

1983 கறுப்பு யூலைக்குப் பின் ஈழத் தமிழர்கள் பெருமளவில் சுவிஸ் வரத் தொடங்கினார்கள். இன்று இங்கே ஏறத்தாழ 50,000 பேர் இருக்கிறார்கள். இந்த வருகையை விரிவாக ஆராய்ந்த கிறிஸ்டோபர் மக்டவல் 1996இல் வெளியிட்ட நூல் காட்டுவதுபோல, முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். தஞ்ச விண்ணப்பத்தின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள். செய்தித்தாள்கள் அவர்களைத் 'தோல் மேலங்கித் தமிழர்' என்று எழுதின. அந்த இளைஞர்களின் வயதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

1989இல் மொரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 16 முதல் 86 வயது வரையான 108 பேருக்கு 28 பாட்டுகளின் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். 1932 முதல் 1986 வரை அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த பாட்டுகள் அவை. ஒவ்வொருவருக்கும் எது பிடித்தது என்பதை, அந்தப் பாட்டு வந்தபோது அவருக்கு என்ன வயது என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். விருப்பம் உச்சத்துக்கு ஏறிய வயது 23.5. பின்னர் வந்த ஆய்வுகள் இந்த உச்சத்தைப் பதின்ம வயதுக்கே இறக்குகின்றன. எது சரியென்றாலும், பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலம் நினைவில் மேடாக எழுந்து நிற்கிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு வெளியேறுவது எல்லாம் அந்தக் காலத்தில் நடப்பதால் நினைவு அங்கே தடித்துப் படிகிறது என்பது பொதுவான விளக்கம்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பலவும் ஒரே நாட்டில் இருந்து மூத்தவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. வாழ்க்கை நடுவில் முறிந்தவர்களுக்கு என்ன ஆகிறது? 1998இல் ராபர்ட் ஷ்ராப், டேவிட் ரூபின் இருவரும் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த முதியவர்களின் நினைவுகளைச் சேகரித்தார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் குடிபெயர்ந்தவர்களுக்கு நினைவின் மேடு வழக்கமான இடத்தில் இருந்தது. முப்பதுகளின் நடுவில் வந்தவர்களுக்கு மேடு அந்த வயதுக்கே நகர்ந்துவிட்டது. மிகச் சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வுதான் என்றாலும் அது சொல்வது முக்கியமானது: வாழ்வு எங்கே முறிகிறதோ அங்கே நினைவு குவிகிறது.

இனி ஒரு கணக்கு. 1960இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளி 1976இல் வந்தபோது அவருக்கு 16. பயணங்கள் முடிவதில்லை வந்தபோது 22. கறுப்பு யூலை நடந்தபோது 23. மௌன ராகம் வந்த 1986இல் 26. அப்போது அவர் பேர்ணிலோ சூரிச்சிலோ நான்கு பேர் படுக்கும் அறையில் இருந்திருப்பார். அக்னி நட்சத்திரம் வந்த 1988இல் 28. நினைவு மேடு, நாட்டை விட்டு ஓடிய முறிவு, இளையராஜாவின் உச்ச காலம் மூன்றும் ஒரே மனிதனின் ஒரே பத்தாண்டில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. சுவிஸ் தமிழ்க் கொண்டாட்டங்களில் இளையராஜா ஏன் இத்தனை ஆழமாக இறங்கியிருக்கிறார் என்பதற்கு அவருடைய மேதைமை மட்டும் காரணமில்லை. அவருடைய பாட்டுகளின் முதல் பாதி ஊரிலும் மறுபாதி அகதி முகாமிலும் கேட்கப்பட்டது. ஊரில் தொடங்கி இங்கே தொடர்ந்த ஒரே குரல் அவர்களுக்கு அதுவாக இருந்தது.

எதில் கேட்டார்கள் என்பதும் சிறிய விடயம் அல்ல. மேற்கில் ஒருவரிடம் உங்கள் வாழ்வின் ஆல்பம் எது என்று கேட்டால், ஒரு கலைஞர் ஒரு வரிசையில் அடுக்கி ஒரு பெயரிட்டு வெளியிட்ட இசைத்தட்டைச் சொல்வார். தமிழருக்கு அந்த இடத்தில் இருந்தது திரைப்படக் கசெற். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஒரு படம், மறுபக்கத்தில் இன்னொரு படம். அந்த இரண்டு படங்களுக்கும் கதையாலோ நடிகராலோ ஒரு தொடர்பும் இருக்காது. ஆனால் கேட்டவர் மனதில் அவை பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. அதைவிட ஆழமாகப் பதிந்தவை ரெக்கோர்டிங் பாரில் கொடுத்துப் பதிந்த கசெற்றுகள். பாட்டுகளின் பட்டியலைக் கடதாசியில் எழுதி, வெறும் கசெற்றையும் காசையும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெற் என்றால் பக்கத்துக்கு முப்பது, தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்து. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அந்த ஆல்பத்துக்கு ஒரே ஒரு பிரதிதான், அதன் தொகுப்பாளர் அதைக் கேட்பவரேதான். முதல் பாட்டு எது, அதற்கடுத்து எது என்று இருபது வயதில் உட்கார்ந்து யோசித்து எழுதிய பட்டியல் என்பது, எழுதியவர் அறியாமலே எழுதிய சுயசரிதை.

வரிசையின் வலிமையைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. 2009இல் ஆம்பர் லீவரும் அவருடைய குழுவினரும், ஒருவர் அடிக்கடி கேட்டுப் பழகிய இசைத்தட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் மௌனத்தில் அவருடைய மூளையைப் படம் பிடித்தார்கள். ஒலியே இல்லாத அந்த நொடிகளில் முன்மூளையும் அசைவைத் திட்டமிடும் பகுதிகளும் வேலை செய்தன. அடுத்த பாட்டு உள்ளுக்குள் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. வானொலியில் ஒரு பழைய பாட்டு முடிந்ததும், அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறொரு படத்துப் பாட்டை வாய் தானாக முணுமுணுப்பது பலருக்கும் தெரிந்த அனுபவம். அங்கே ஒரு கசெற் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று எல்லாப் பாட்டும் கைபேசியில் கிடைக்கிறது, ஆனால் அந்த வரிசை கிடைப்பதில்லை. தனித்தனியாகப் பாட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவற்றைக் கோத்திருந்த வரிசையை இழந்துவிட்டோம் என்பதை நான் உண்மையான இழப்பாகவே கருதுகிறேன்.

ஆய்வுகளில் இடம்பெறாத இன்னொன்று பற்றாக்குறை. அறைக்கு ஒரு ரேப் ரெக்கோடர், எல்லாருக்குமாகச் சேர்த்துக் கொஞ்சம் கசெற்றுகள் என்று இருந்த இடத்தில், ஒருவருக்குப் பிடித்த பாட்டை மற்ற மூவரும் கேட்டே ஆகவேண்டும். சேவை முடித்து நள்ளிரவில் திரும்புகிறவரும் அதிகாலையில் எழும்புகிறவரும் ஒரே பாட்டை வெவ்வேறு நேரத்தில் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்ட பாட்டு ஒருவருடைய தனி நினைவாக இருக்க முடியாது. பின்னாளில் வீடு, பிள்ளைகள், குடியுரிமை என்று பிரிந்துபோனவர்கள் ஒரு திருமண மண்டபத்தில் அந்தப் பாட்டைக் கேட்டதும் ஒருவரையொருவர் தேடுகிறார்கள்.

எல்லாக் கசெற்றும் சினிமாக் கசெற் அல்ல. கோயில் பாட்டுகளும் தேவாரமும் நாதஸ்வரக் கச்சேரிகளும் இருந்தன. போராட்டப் பாட்டுகளின் கசெற்றுகள் 1990களில் புலம்பெயர்ந்த வீடுகளில் பரவலாக ஒலித்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு அவை நினைவில் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டன. மெட்டு மாறவில்லை, கேட்பவரின் வாழ்வு மாறிவிட்டது. மாட்டுப்பாட்டு அப்படியே இருந்தும் சுவிஸ்காரர்களிடம் அது பழையபடி வேலை செய்வதில்லை என்று ரூசோவும் தம் குறிப்பில் சொல்லியிருந்தார். அவர் கண்டது மெல்லத் தேய்ந்த ஏக்கத்தை. இங்கே நடந்தது வேறு. எதிர்பார்ப்போடு கேட்ட பாட்டு ஒரே மாதத்தில் இழப்பின் பாட்டானது. அந்தக் கசெற்றுகளை எறியவும் முடியாமல் போட்டுக் கேட்கவும் முடியாமல் வைத்திருப்பவர்களைப் புரிந்துகொள்ள எந்த அளவுகோலும் போதாது.

இந்த இடத்தில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் ஒரு பணியைச் சொல்ல வேண்டும். மார்செல் சென்ட்னர், திதியே கிரான்ஜான், கிளவுஸ் ஷெரர் மூவரும் 2008இல் இசை எழுப்பும் உணர்ச்சிகளை ஒன்பதாக வகுத்தார்கள். அதில் துயரம் ஒரு வகை, ஏக்கம் தனியான இன்னொரு வகை. இரண்டையும் பிரித்தது சரியான முடிவு. பழைய பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிற தந்தையைப் பார்த்து, கவலைப்படுகிறார் என்று பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். அவர் கேட்க விரும்பியது அதைத்தான்.

பிள்ளைகளுக்கு வருவோம். 2013இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் குரும்ஹான்ஸல், ஜஸ்டின் சுப்னிக் இருவரும் இருபது வயதை ஒட்டிய 62 பேருக்கு 1955 முதல் 2009 வரையான புகழ்பெற்ற பாட்டுகளைக் கேட்கக் கொடுத்தார்கள். தங்கள் காலப் பாட்டுகளோடு அவர்களுக்கு நினைவுகள் இருந்தது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, 1980களின் முதல் பாதியில் வந்த பாட்டுகளிலும் ஒரு மேடு எழுந்தது. அந்த இளைஞர்கள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர்களுடைய பெற்றோர் இருபதுகளில் இருந்த காலம் அது. பெற்றோரின் பாட்டு வீட்டுக்குள் ஒலித்து, பிள்ளையின் குழந்தைப்பருவ நினைவாகிவிடுகிறது. 1990ஐ ஒட்டி சுவிஸில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே ஆண்டுகள்தான் பொருந்தும். பாட்டு மட்டும் வேறு. பள்ளியில் ஜெர்மனோ பிரெஞ்சோ பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு, தான் காணாத ஊரில் தந்தைக்கு 22 வயதாக இருந்தபோது வந்த பாட்டு காரின் பின்இருக்கை நினைவாக, ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நினைவாக இருக்கிறது.

சென்ட் காலனில் வளர்ந்த பிரியா ராகுவின் இசையில் இது கேட்கிறது. பெற்றோர் 1980களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். தந்தை குடும்பத்துக்குள்ளேயே ஓர் இசைக்குழு நடத்தினார். பிள்ளைகள் தமிழ் நிகழ்ச்சிகளில் திரைப்பாட்டுகளைப் பாடியும் வாசித்தும் வளர்ந்தார்கள். பிரியா பின்னாளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆர்அண்ட்பி இசைக்குள் போனார். 2021இல் வந்த 'டாம்ஷிஸ்தமிழ்' தொகுப்பையும் 2023இல் வந்த 'சந்தோசம்' ஆல்பத்தையும், ஜாப்னா கோல்ட் என்ற பெயரில் இசையமைக்கும் தம் அண்ணனோடு சேர்ந்து உருவாக்கினார். அண்ணன் தனக்கு வைத்துக்கொண்ட பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டுக்கு நடுவே தமிழ்ச் சொல்லும் தாளமும் புகும்போது அது மேலே ஒட்டிய அலங்காரமாக எனக்குக் கேட்பதில்லை. வீட்டுக்குள் கேட்டது வெளியே வந்து தன் காலத்துப் பாட்டோடு கலந்திருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு இது பெற்றோரின் ஆல்பமாகும்.

தன் இசைநினைவைப் பாதுகாப்பதில் சுவிஸ் கெட்டிக்கார நாடு. குளோட் நோப்ஸ் 1967இல் தொடங்கிய மொந்த்ரே ஜாஸ் விழாவின் ஒலி, ஒளிப்பதிவுகளை லவுசான் தொழில்நுட்பக் கல்விநிறுவனம் எண்மமாக்கியது. 2013இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1976இல் அந்த மேடையில் ஜோன் மக்லாக்லினின் சக்தி குழு வாசித்த கச்சேரியும் பதிவாகியிருக்கிறது. கடத்தில் விக்கு விநாயகராம், வயலினில் எல். சங்கர். சங்கரின் தந்தை லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரின் குழந்தைப்பருவம் இலங்கையில் கழிந்தது. 1958 இனக்கலவரத்தைத் தொடர்ந்து குடும்பம் சென்னைக்குப் போனது. தமிழ் அகதிகள் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட ஒரு பிள்ளை லெமான் ஏரிக்கரையில் வாசித்திருக்கிறார்.

அந்தக் கச்சேரி பத்திரமாக இருக்கிறது. கசெற்றுகள் அப்படி இல்லை. லுகானோவில் 1987இல் தொடங்கிய தேசிய ஒலிக்காப்பகம் சுவிஸோடு தொடர்புடைய ஒலிப்பதிவுகளைச் சேகரிக்கிறது. ஊசி படமுடியாத அளவுக்குச் சிதைந்த இசைத்தட்டைப் புகைப்படம் எடுத்து அதிலிருந்து ஒலியை மீட்கும் முறையைக்கூட அங்கே உருவாக்கினார்கள். ரெக்கோர்டிங் பாரில் பதிந்த இளையராஜா கசெற் சுவிஸ் ஒலிப்பதிவா என்று கேட்டால், பாட்டு இல்லை என்பேன், அந்த வரிசை ஆம் என்பேன். ஊரிலிருந்து குரலில் கடிதம் பேசிப் பதிந்து அனுப்பிய கசெற்றுகள் சந்தேகமே இல்லாமல் இந்த நாட்டின் குடியேற்ற வரலாறு. தொண்ணூறு நிமிடக் கசெற்றின் நாடா அறுபது நிமிடத்ததைவிட மெல்லியது, இலகுவில் சிக்கி நீளும். நிலவறைப் பெட்டிகளில் கிடக்கும் அவற்றை எண்மமாக்கும்போது பாட்டைத் தனித்தனியாக வெட்டாமல் பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக, பெட்டியின் மேல் எழுதிய கையெழுத்தின் படத்தோடு வைக்க வேண்டும்.

1960இல் பிறந்தவர் இப்போது இந்த நாட்டின் ஓய்வு வயதான 65ஐக் கடந்துவிட்டார். முதுமை இல்லங்களும் மறதிநோய்ப் பராமரிப்பும் அவருடைய தலைமுறைக்கு இனி வரப்போகின்றன. லைப்சிக் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் யோர்ன்-ஹென்ரிக் யாக்கோப்சன் குழு 2015இல் காட்டியதுபோல, நெடுநாள் பழகிய இசையைத் தாங்கும் மூளைப்பகுதிகள் அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன. பிற்காலத்தில் கற்ற ஜெர்மன் போய்விட்ட பிறகும் பாட்டு இருக்கும். ஆனால் எந்தப் பாட்டு? பராமரிப்புக் கோப்பில் 'இந்திய இசை பிடிக்கும்' என்று எழுதியிருந்தால் தாதி ஒரு சித்தார் இசைத்தட்டைப் போடுவார். அச்சுவேலியில் வளர்ந்தவருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு பட்டியல்கள் தேவைப்படும் என்பதையும் மறந்துவிடுகிறோம். கணவர் 1980களில் வந்தார். மனைவி பலருடைய வீட்டில் 1990களில் திருமணத்துக்காக வந்தவர். 1970இல் பிறந்த பெண்ணுக்கு 20 வயதாக இருந்தபோது, 1990இல், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் கிடைக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவும் ரேப்பும் கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். அவருடைய 23ஆம் வயது 1993. ரோஜா படம் வந்ததற்கு அடுத்த ஆண்டு. கணவரின் பாட்டு சூரிச் அறையில் நால்வரோடு கேட்ட இளையராஜா என்றால், மனைவியினுடையது பதுங்குகுழி வெட்டிய முற்றத்தில் தம்பி பெடல் சுற்ற, வேகம் கூடியும் குறைந்தும் வந்த வேறொரு பாட்டு. பிள்ளைகள் இருவரையும் தனித்தனியாக இருத்தி, படத்தின் பெயர், எங்கே கேட்டது, யார் பக்கத்தில் இருந்தது, அடுத்த பாட்டு எது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். தாதிக்குப் புரியும்படி ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ எழுதினால் அந்தத் தாள் அப்படியே பராமரிப்புக் கோப்புக்குள் போய்விடும்.